"பொங்கல்" என்று தட்டிப் பாருங்கள்: மாணவருக்கு இல்லஸ்ட்ரேட்டரா, அஃபினிட்டியா, இங்க்ஸ்கேப்பா?

வெக்டர் முறையில் (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோடு, வடிவங்களால்) கதாபாத்திரம் வரையக் கற்க விரும்பும் மாணவர் முதலில் மென்பொருளின் விலையைத்தான் விசாரிக்கிறார். சிங்கப்பூரில் அதற்கு முன்பே பார்க்க வேண்டியது கையில் இருக்கும் சாதனம். 2021க்குள் உயர்நிலைப் பள்ளி மாணவர் அனைவருக்கும் ஒரு கற்றல் சாதனம் வந்துவிட்டது. பள்ளியைப் பொறுத்து அது குரோம்புக்காகவோ ஐபேடாகவோ விண்டோஸ் மடிக்கணினியாகவோ இருக்கும். அதில் சாதனத்தைக் கட்டுப்படுத்தும் நிர்வாக மென்பொருள் இருப்பதால் விரும்பியதை எல்லாம் நிறுவிவிட முடியாது. குரோம்புக் மட்டும்தான் இருக்கிறது என்றால் உலாவியில் ஓடும் ஃபிக்மாவில் தொடங்கலாம். பேனா கருவி, வடிவங்களைக் கூட்டிக் கழிக்கும் வசதி, எஸ்விஜி (வெக்டர் கோப்பு வகை) ஏற்றுமதி மூன்றும் அதில் உண்டு. ஐபேடில் இல்லஸ்ட்ரேட்டர் 2020 அக்டோபரிலிருந்து கிடைக்கிறது. ப்ரோகிரியேட் நல்ல செயலிதான், ஆனால் அது படத்தைப் புள்ளிகளாகவே சேமிக்கும் புள்ளிப்படச் செயலி. அதில் வரைந்ததைச் சுவரொட்டி அளவுக்குப் பெரிதாக்கினால் விளிம்பு மங்கிவிடும்.

வீட்டில் விண்டோஸ் கணினியோ மேக்கோ இருந்தால் போட்டி மூன்று மென்பொருள்களுக்கிடையேதான். 1987இல் வந்த இல்லஸ்ட்ரேட்டர் இன்று சந்தா முறையில் கிடைக்கிறது. 2003இல் பிறந்த இங்க்ஸ்கேப் திறமூலம், முற்றிலும் இலவசம். அஃபினிட்டிக்கு முன்பு காசு கொடுக்க வேண்டியிருந்தது. கேன்வா நிறுவனம் அதை வாங்கிய பிறகு, 2025 அக்டோபரில் கேன்வா கணக்கு இருந்தாலே போதும் என்று இலவசமாக்கிவிட்டது. ஆகவே இப்போது விலையை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

தமிழ் மாணவருக்கு உண்மையான சோதனை எழுத்தில் இருக்கிறது. ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்கோ தீபாவளி வாழ்த்துக்கோ கதாபாத்திரம் வரைபவர் பக்கத்தில் நாலு வார்த்தை எழுதாமல் இருக்கப்போவதில்லை. எழுத்துக் கருவியை எடுத்து "பொங்கல்" என்று தட்டுங்கள். ஒற்றைக் கொம்பு 'ப'வுக்கு முன்னாலும் கால் பின்னாலும் வந்து நின்றால் சரி. கொம்பு பின்னால் போய் நின்றாலோ, புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று முளைத்தாலோ அந்த மென்பொருளுக்குத் தமிழ் கோக்கத் தெரியவில்லை என்று பொருள்.

இங்க்ஸ்கேப் இதில் எந்த அமைப்பையும் தொடாமலே தேறிவிடுகிறது. இல்லஸ்ட்ரேட்டரில் முன்னுரிமைகளுக்குள் எழுத்துப் பகுதிக்குப் போய் இந்திய மொழித் தெரிவுகளைக் காட்டச் சொல்ல வேண்டும். பிறகு பத்திப் பலகத்தின் பட்டியலில் தெற்காசியக் கம்போசரை (எழுத்துகளைக் கோக்கும் முறையை) தேர்ந்தால் எழுத்து ஒழுங்காகும். அஃபினிட்டி நீண்ட காலமாகத் தடுமாறியது இங்கேதான். உங்கள் பதிப்பிலும் உடைந்தால் எளிய வழி உண்டு. இங்க்ஸ்கேப்பில் தட்டி, எழுத்தை வெறும் வெளிக்கோடாக, அதாவது பாதையாக, மாற்றும் "ஆப்ஜெக்ட் டு பாத்" கொடுத்து, எஸ்விஜியாகச் சேமித்து உள்ளே கொண்டுவாருங்கள். பாதையாக மாறிய எழுத்து எங்கே திறந்தாலும் உடையாது. ஆனால் அதன்பின் எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது. மாற்றும் முன் ஒரு முறை வாய்விட்டுப் படித்துவிடுங்கள்.

அடுத்தது கண். பாத்திர வடிவமைப்பில் மாணவரின் நேரத்தை அதிகம் தின்பது இதுதான். வெள்ளை முட்டை வடிவத்துக்குள் கருவிழி இருக்க வேண்டும், பக்கவாட்டில் பார்க்கும்போது விழியின் விளிம்பு வெள்ளைக்கு வெளியே வழியக் கூடாது. அஃபினிட்டியில் வடிவங்களை அடுக்காகக் காட்டும் லேயர் பலகத்தில் கருவிழியை இழுத்து வெள்ளையின் மேல் போட்டால் அது உள்ளே அடங்கிக்கொள்ளும், வெள்ளையும் நிறம் மாறாமல் இருக்கும். பிறகு கருவிழியை மட்டும் நகர்த்தி மகிழ்ச்சி, பயம், சந்தேகம் என்று ஒரு பக்கம் முழுக்க முகபாவங்களைச் சில நிமிடங்களில் செய்துவிடலாம்.

மற்ற இரண்டிலும் மேலே இருக்கும் வடிவம்தான் கத்தரிக்கும் அச்சு. கத்தரித்ததும் அந்த வடிவத்தின் நிறம் போய்விடும். "கண்ணின் வெள்ளை காணாமல் போச்சு" என்று மாணவர் திகைப்பது இதனால்தான். வெள்ளையை முதலில் ஒரு நகல் எடுத்து அடியில் வைத்துவிட்டுக் கத்தரிக்க வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் இன்னொரு வழியும் உண்டு: வெள்ளையைத் தேர்ந்து ஷிஃப்ட் டி அழுத்தி "டிரா இன்சைட்" முறைக்குப் போய்க் கருவிழியை வரைந்தால் நிறம் தங்கும். கண் விஷயத்தில் எங்கள் ஓட்டு தயங்காமல் அஃபினிட்டிக்கு.

கோடு மூன்றிலும் ஒன்றுதான், கெடுவதும் ஒரே காரணத்தால்தான்: கணுக்கள், அதாவது கோட்டின் வடிவைப் பிடித்து வைக்கும் புள்ளிகள், மிகுந்துவிடுவது. பென்சில் கருவியால் இழுத்த கன்னத்தில் முப்பது கணு இருக்கும், கிட்டப் போய்ப் பார்த்தால் மேடுபள்ளமாகத் தெரியும். வட்டத்துக்கு நான்கு கணு போதும். மேல், கீழ், இடம், வலம் ஆகிய முனைகளில் வைத்து, கணுவிலிருந்து நீண்டு வளைவைத் தீர்மானிக்கும் கைப்பிடிகளை நேர் கிடையாகவோ நேர் செங்குத்தாகவோ இழுங்கள். ஆரம் 100 பிக்சல் என்றால் கைப்பிடி ஏறத்தாழ 55 பிக்சல். முக்கால்வாசி திரும்பிய முகத்தின் வெளிக்கோட்டுக்கு நெற்றி, புருவப் பள்ளம், கன்ன எலும்பு, வாயோரம், முகவாய், தாடை என ஆறு கணு வைத்துத் தொடங்கலாம். இங்க்ஸ்கேப்பின் "சிம்ப்ளிஃபை" கணுவைக் குறைக்கும்தான், ஆனால் திரும்பத் திரும்ப அழுத்தினால் மூக்கு மழுங்கிவிடும். ஓவியத்தை ஸ்கேன் செய்து மென்பொருளே தானாகக் கோடாக்க (டிரேஸ் செய்ய) விடுவது இன்னும் மோசம். கணு எங்கே வைப்பது என்ற தீர்மானம்தான் பயிற்சியே, அதை இயந்திரத்திடம் கொடுத்தால் கை பழகாது.

வாட்ஸ்அப் ஸ்டிக்கர் செய்கிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 1,024 பிக்சல் உயரத்தில் 8 பிக்சல் கோட்டுடன் வரைந்த பாத்திரத்தை 128 பிக்சலாகச் சுருக்கும்போது கோடு 1 பிக்சலாக வேண்டும். கோடும் சேர்ந்து சுருங்கும் தெரிவு அணைந்திருந்தால் அதே 8 பிக்சல் நின்று முகத்தையே மூடிவிடும். இல்லஸ்ட்ரேட்டரில் அந்தத் தெரிவு முன்னுரிமைகளிலும், அஃபினிட்டியில் ஸ்ட்ரோக் பலகத்திலும், இங்க்ஸ்கேப்பில் தேர்வுக் கருவியின் மேல்பட்டையிலும் இருக்கிறது. ஸ்டிக்கரின் அளவு 512க்கு 512 பிக்சல், அசையாத படம் 100 கேபியைத் தாண்டக் கூடாது.

அச்சுக்குப் போகிறதென்றால் இங்க்ஸ்கேப் பின்தங்குகிறது. அதன் பிடிஎஃப் திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில்தான் வரும். பென்கூலன் ஸ்திரீட் சன்ஷைன் பிளாசாவில் இருப்பது போன்ற அச்சுக் கடைகளில் கொடுத்தால், திரையில் பளிச்சென்றிருந்த மயில் பச்சையும் ஊதாவும் தாளில் மங்கலாக வரும். மற்ற இரண்டிலும் தொடக்கத்திலேயே அச்சு மைக்கான சிஎம்ஒய்கே கோப்பாகத் திறந்து, நாற்புறமும் 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியே நீளும் ஓரம்) விட்டு வேலையைத் தொடங்கலாம்.

உயர்நிலைப் பள்ளி முடியும்வரை அஃபினிட்டியில் வரைந்து, தமிழ் எழுத்துக்கு இங்க்ஸ்கேப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதே எங்கள் பரிந்துரை. பலதுறைத் தொழிற்கல்லூரியில் வடிவமைப்புத் துறையில் சேர்ந்த பிறகு, பாடத்துக்குத் தேவைப்பட்டால் இல்லஸ்ட்ரேட்டருக்கு மாறலாம். கணு பழகிய கைக்கு ஓரிரு வாரம் போதும். மாறும்போது கோப்பில் ஓர் இடறல் வரும். பிடிஎஃப் வழியாகப் போகும் கோப்பில் லேயர் பெயர்கள் கலைந்து, எழுத்து வரிவரியாகத் துண்டாகலாம். அதனால் மூலக் கோப்பு, எஸ்விஜி, எழுத்தைப் பாதையாக்கிய பிடிஎஃப் என மூன்றையும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வைத்திருங்கள். தொழிற்கல்லூரியின் முன்கூட்டிய சேர்க்கைக்குப் படைப்புத் தொகுப்பு தயாரிப்பவர் அவற்றோடு பென்சில் கிறுக்கல்களையும், பாத்திரத்தை முழுக்கக் கறுப்பாக்கிய நிழலுருவையும், முன், முக்கால், பக்கம், பின் என்று நான்கு திருப்பங்களையும் சேர்த்து வைக்க வேண்டும்.