கார்டில் ஏத்தின பாட்டும் எழுதிக் கொடுத்த பாட்டும்

பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் வியாசர்பாடியில் எங்கள் தெருமுனை செல்போன் கடையில் 20 ரூபாய் கொடுத்தால் மெமரி கார்டு நிறையப் பாட்டு ஏத்திக் கொடுப்பார்கள். கம்ப்யூட்டரில் மூன்றே ஃபோல்டர்: பழசு, புதுசு, கானா. முதல் இரண்டும் திருட்டுதான், சப்பைக்கட்டு கட்ட வேண்டாம். மூன்றாவதில் பாதி, பாடினவரே பென்டிரைவில் கொண்டுவந்து "போட்டு விடுண்ணா" என்று கொடுத்துவிட்டுப் போனது. ஒரே கடை, ஒரே கார்டு, ஒருத்தருக்கு நஷ்டம், இன்னொருத்தருக்கு விளம்பரம்.

சரி, பாட்டைப் பகிர விடுவதா, தடுப்பதா, என்னதான் வழி? கேஸ் போடுவதை அமெரிக்காவில் ஒரு கை பார்த்துவிட்டார்கள். நெட்டில் பாட்டை ஒருத்தருக்கொருத்தர் மாற்றிக்கொள்ள 1999இல் வந்த நாப்ஸ்டரை இசைக் கம்பெனிகள் 2001இல் மூட வைத்து, 2003இலிருந்து மாணவர்கள், வீட்டுக்காரர்கள் மேலெல்லாம் ஆயிரக்கணக்கில் வழக்குப் போட்டு, 2008இல் அந்தக் கம்பெனிகளே கைவிட்டார்கள். இங்கே 2004இல் திருட்டு விசிடிக்குக் குண்டர் சட்டமே வந்தது. அப்புறமும் விசிடி கிடைக்கத்தான் செய்தது.

எனக்குப் பிடித்தது ஜெர்மனிக்காரன் வழி. வீட்டில் காப்பி எடுப்பதைத் தடுக்க முடியாது என்று ஒப்புக்கொண்டு, 1965லேயே டேப் ரெக்கார்டர் விலையில் ஒரு பங்கைக் கலைஞர்களுக்கு என்று எடுத்து வைத்தான். கனடாவில் காலி சிடி மேல் வசூலித்தார்கள். ஆனால் அந்தக் காசைப் பிரித்துக் கொடுப்பது சங்கங்கள்; சாவு வீட்டில் மரண கானா பாடுகிற நம்ம ஆள் எந்தச் சங்கத்தில் போய்ப் பேர் கொடுத்தார்?

மாதச் சந்தா ஆப் கேட்கிறவருக்குச் சுகம். காசு போவது ரைட்ஸ் யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு. 2012 சட்டத் திருத்தம் பாட்டு எழுதினவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு என்கிறது, ஆனால் அது தெரிந்து கேட்கிறவருக்குத்தான் பிரயோஜனம்.

கானா பாடுகிற என் மச்சான் விஷயத்தைப் பாருங்கள். எட்டுப் பாட்டின் உரிமையை ஒரு கம்பெனிக்கு மொத்தமாக எழுதிக் கொடுத்தார், ஒரே தடவை பணம். இப்போது தன் பாட்டைத் தன் யூட்யூப் சேனலிலேயே போட்டால் அடுத்தவர் பாட்டைப் போட்டதாகக் காப்பிரைட் ஸ்ட்ரைக் வருகிறது! செல்போன் கடைக்காரர் அவரிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை, பத்திரம்தான் பிடுங்கியது. அதனால் பகிர்வதா தடுப்பதா என்று யாராவது கேட்டால், உரிமை யார் கையில் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

மச்சான் இப்போது எதையும் எழுதிக் கொடுப்பதில்லை. பாட்டுக்கு முன்னால் தன் போன் நம்பரைச் சொல்லியே ரெக்கார்ட் பண்ணி வாட்ஸப்பில் விடுகிறார். யார் வேண்டுமானாலும் அனுப்பிக்கொள்ளட்டும் என்கிறார். போன வாரம் திருவொற்றியூரிலிருந்து ஆடி மாசக் கூழ் ஊற்றும் விழாவுக்குக் கூப்பிட்டார்களாம், அட்வான்ஸும் வந்துவிட்டது.