மாரியோ வீடியோ கேமில் வரும் எதிரிகளில் எது சுவாரசியம்: த்வாம்ப்பா, பூவா?

1988இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3இல்தான் இரண்டும் முதலில் தலைகாட்டின. த்வாம்ப் ஒரு கல்முகம். பக்கத்தில் போனால் தொப்பென்று விழும், பிறகு மெதுவாக மேலேறும். அந்த இடைவெளியில் நழுவிவிடலாம். நேரம் பிடிபட்டதும் சலிப்புதான்.

பூ வேறு ரகம் (பெயரில்தான் பூ, ஆள் பேய்). நேருக்கு நேர் பார்த்தால் வெட்கப்பட்டு முகத்தை மூடி நின்றுவிடும். முதுகைக் காட்டினால் துரத்தும். மிதித்தும் கொல்ல முடியாது. முன்னால் பள்ளம், பின்னால் பேய் என்று மாட்டிக்கொண்டால், தாவுவதற்கு முன் ஒரு நொடி திரும்பி முறைத்து அதை நிறுத்த வேண்டும். எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பதே புதிராகிவிடுகிறது! விரல் வேகத்துக்கு த்வாம்ப் போதும். மூளைக்கு என் ஓட்டு பூவுக்கே.