குளக்கட்டா, சுனாமிக் கோபுரமா?

வெளிநாட்டுக் காசு திருகோணமலைக்கு வந்தால் எதில் போடுவது என்று கேட்டால், கரையோரத்து ஆட்கள் எச்சரிக்கைக் கோபுரம் என்பார்கள், உள்ளே வயல் செய்பவர்கள் குளக்கட்டு என்பார்கள். இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது.

கோபுரம் திறப்பு விழாவுக்கு நல்லது, கொடையாளியின் பெயர்ப்பலகையும் தூரத்திலேயே தெரியும். 2004இல் கிண்ணியாவும் மூதூரும் பட்டபாட்டுக்குப் பிறகு அதை வேண்டாம் என்று யார் சொல்வது? 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திரா நிலநடுக்கத்தின்போது எச்சரிக்கை வந்து சனம் மேட்டுக்கு ஓடியதே, பெரிய அலை வராவிட்டாலும் அது வீண் இல்லை. ஆனால் உப்புக்காற்றில் வயரும் பெட்டியும் துருப்பிடிக்கும், பற்றரி மாற்றப் பிறகு யார் காசு தருவது?

குளக்கட்டு அப்படிப் படத்துக்கு எடுபடாது. புற்றை வெட்டி, மரத்தை வேரோடு எடுத்து, தண்ணீர் திறந்துவிடும் துருசுக் கதவை மாற்றி, கல் அடுக்கினால் வேலை முடிந்தது. அதுவே மாரிகாலப் பெரும்போக வெள்ளத்தையும் தாங்கும், வறண்ட காலத்துச் சிறுபோக நெல்லுக்குத் தண்ணீரும் தரும். கட்டைக் கவனிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்று 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தபோது பார்த்தோம், நூறு பேருக்கு மேல் போனார்கள்.

என்னைக் கேட்டால் முதலில் கட்டு, அப்புறம் கோபுரம். அதுவும் பராமரிப்புக் காசை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிய பிறகுதான்.