உயிலா, செட்டில்மென்ட்டா? புரொபேட் பயத்தில் வீட்டை எழுதிக் கொடுக்கும் முன்

மதுரை வீட்டுக்கு மதுரையிலேயே எழுதிய உயில் என்றால் பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. வீடு சென்னை மயிலாப்பூரில் இருந்தால் 2025 வரை கதை வேறாக இருந்தது. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன் 213-ஆம் பிரிவு சென்னை, மும்பை, கொல்கத்தாவில் இந்துக்கள், பார்சிகள் போன்ற சில சமூகத்தினருக்குப் புரொபேட்டைக் கட்டாயமாக்கி வைத்திருந்தது.

புரொபேட் என்பது உயில் உண்மையானதுதான் என்று நீதிமன்றம் தரும் மெய்ப்பிதழ். உயர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும், உயிலில் கையெழுத்திட்ட சாட்சியைத் தேடிப் பிடிக்க வேண்டும், வாரிசுகளுக்கு நோட்டீஸ் போகும், கோர்ட் கட்டணம் தனி. ஒரே ஒரு வாரிசு கேவியட் (ஆட்சேப மனு) போட்டு எதிர்த்தாலும் மனு வழக்காகிவிடும். அப்புறம் வருஷக் கணக்கில் இழுக்கும்.

இந்த அலைச்சல் பிள்ளைகளுக்கு வேண்டாமென்றுதான் பல பெற்றோர் செட்டில்மென்ட் பத்திரம், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம், போட்டார்கள். குடும்பத்துக்குள் முத்திரைத்தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பட்டாவும் பிள்ளை பெயருக்கு மாறிவிடும்.

ஆனால் பதிந்த பிறகு வீடு உங்களுடையது இல்லை. மகன் விற்கலாம், அடமானம் வைக்கலாம். மனம் மாறினால் நீங்களாகவே ரத்து செய்ய வழியில்லை. பிள்ளை பராமரிக்காவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லி பெற்றோர் பராமரிப்புச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவின்படி கோட்டாட்சியரிடம் முறையிடலாம், சரி. எழுபது வயதுக்கு மேல் சொந்தப் பிள்ளை மீது மனு எழுதும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

உயிலில் அந்த ஆபத்து இல்லை. முத்திரைத்தாள் வேண்டாம், இரண்டு சாட்சிகள் போதும், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்துவிடுங்கள். உங்களைவிட வயதில் இளையவர்களைச் சாட்சியாக வையுங்கள். பின்னாளில் தகராறு வந்தால் அவர்கள்தான் வந்து சொல்ல வேண்டும்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்த 213-ஆம் பிரிவையே நீக்கிவிட்டது. உயிலை யாராவது எதிர்த்தால் கோர்ட் படி ஏறத்தான் வேண்டும். ஆனால் பிள்ளைகள் ஒற்றுமையாக இருக்கும் வீட்டில், புரொபேட்டுக்குப் பயந்து இருக்கிற ஒரே வீட்டை எழுதிக் கொடுக்க இனி காரணமில்லை. என் ஓட்டு உயிலுக்குத்தான்.

பிள்ளைகளுக்குள் ஏற்கெனவே பகை இருந்தால் செட்டில்மென்ட்டை யோசிக்கலாம். அப்போதும் உங்களுக்கும் துணைவருக்கும் ஆயுள் வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை, உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை, இரண்டும் பத்திரத்தில் வரிவரியாக இருக்கின்றனவா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.