ஜாவா மாஸா, கிறிஸ்துமஸ் மாஸா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மீன்தொட்டி வைக்கும் நண்பர்கள் மாஸ் (moss) எனும் இந்த இரண்டு நீர்ச்செடிகளுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

வெப்பம்: இங்கே முடிவு செய்வது இதுதான். பாலக்காட்டுக் கணவாயின் சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் எளிதாக 30 டிகிரியைத் தொடும். ஜாவா வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு தாக்குப்பிடிக்கும். கிறிஸ்துமஸ் 25 டிகிரிக்குள் இருந்தால்தான் செழிக்கும். சூடு ஏறினால் பழுப்பேறும். என் முதல் கொத்து அப்படித்தான் போயிற்று.

அழகு: கிறிஸ்துமஸின் கிளைகள் முக்கோணமாக அடுக்கடுக்காகத் தொங்கும். ஜாவா, சீவாத தலை.

விலை: ஜாவா மலிவு. தொட்டி வைத்திருப்பவரிடம் ஒரு பிடி கேட்டாலே கிடைக்கும்.

ஒட்டுதல்: இரண்டுக்கும் உண்மையான வேர் கிடையாது. மரக்கட்டைமீது மெல்லிய படலமாகப் பரப்பிக் கட்ட வேண்டும். பருத்தி நூல் மட்கியதும் ஜாவா கழன்று மிதக்கலாம். அதற்குத் தூண்டில் நரம்பே நல்லது. கிறிஸ்துமஸ் இன்னும் இறுக்கமாகப் பற்றும்.

ஒளி: இரண்டுக்கும் கொஞ்சம் போதும். ஜன்னலோரம் வைத்தால் நூல்பாசி படரும். அதைப் பிரித்தெடுப்பது நாயுருவி ஒட்டிய வேட்டியைச் சுத்தம் செய்வதுபோல.

கப்பி மீன் குஞ்சுகள் ஒளியவும் இறால்கள் மேயவும் ஜாவா போதும். விசிறி வைத்துத் தண்ணீரைக் குளிர்விக்கப் பொறுமை உள்ளவர்கள் கிறிஸ்துமஸை வாங்கலாம், அதுவும் மழைக்காலத்தில்.