"உழைப்பு எங்கள் நன்கொடை" என்று வருபவர்களிடம் கவனம்

நன்கொடை ஓவியங்களை ஏலம் விட்டு நிதி திரட்டும் விழா நடத்தப்போகிறவர்கள், ஓவியம் மாட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இதைப் படித்துவிடுங்கள். "கூலி வேண்டாம், அது எங்கள் நன்கொடை, பொருட்செலவை மட்டும் கொடுங்கள்" என்று ஒரு நிறுவனம் எங்கள் அறக்கட்டளையிடம் வந்தது. அச்சு அசலாக அதே வாசகத்துடன் இன்னோர் அமைப்புக்கும் இப்போது கடிதம் போயிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். கணக்கு இன்னும் தீராததால் பெயரை வெளியிடவில்லை.

ஏலத்துக்கு வந்தவை எல்லாம் ஓவியர்கள் மனமுவந்து கொடுத்தவை: தைல வண்ணம், நீர்வண்ணம், பாஸ்டல் (சாக்கட்டி போன்ற வண்ணக்குச்சியால் வரைவது), கரிக்கோல் சித்திரம், சில புகைப்படங்கள். விருந்து மண்டபச் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள் என்பதால், தற்காலிகத் தடுப்புகளை நிறுத்தி அவற்றில்தான் மாட்ட வேண்டும். ஓவியக் கூடங்களில் பழகிய கைகள் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் மேடை அலங்காரம் செய்யும் பையன்கள். நிறுவனம் வேலையை உள்குத்தகைக்கு விட்டிருந்தது. அந்தப் பையன்கள் மீது எனக்குக் கோபமில்லை. எதைத் தொடப்போகிறோம் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஓவியர்களின் வீடுகளிலிருந்து எடுத்து வரும்போதே சேதம் தொடங்கிவிட்டது. தைல வண்ணம் மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும், கனமாகப் பூசிய இடங்களில் உள்ளே பல மாதங்கள் இளகலாகவே இருக்கும். அதன் முகத்தில் குமிழி பிளாஸ்டிக்கை நேராகச் சுற்றி, வெயிலில் நின்ற வண்டிக்குள் அடுக்கிவிட்டார்கள். பிரித்தபோது ஒரு நிலக்காட்சியின் வானம் முழுவதும் வட்ட வட்டமாகத் தடம். "விளக்கு வெளிச்சத்தில் தெரியாது" என்று மேற்பார்வையாளர் சமாதானம் சொன்னார். பக்கவாட்டில் விழும் விளக்கு வெளிச்சத்தில்தான் அது மிக நன்றாகத் தெரியும்.

ஆனால் எனக்கு இன்றும் ஆறாதது பாஸ்டல் ஓவியம்தான். பின்னால் இருந்த கம்பியைப் பிடித்தே தூக்கிவந்திருக்கிறார்கள். கம்பி நழுவி, சட்டகம் தரையில் மோதி, கண்ணாடி விரிசல் விட்டது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்ணாடியை எடுத்துவிட்டு கண்ணாடி போன்ற அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு ஒன்றை வெட்டிப் பொருத்தி, உலர்ந்த துணியால் பளபளவென்று துடைத்து மாட்டிவிட்டார்கள். அக்ரிலிக் தகட்டைத் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறும். பாஸ்டலில் நிறத்தூளைத் தாளோடு பிடித்துவைக்கும் பசை மிகக் குறைவு. எனவே தூள் தாளை விட்டு எழும்பித் தகட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டது. கரிக்கோல் சித்திரத்துக்கும் இதே ஆபத்து உண்டு. இவற்றுக்குக் கண்ணாடியோ, மின்னேற்றம் பிடிக்காதபடி தயாரித்த தகடோதான் போட வேண்டும். ஓவியர் மண்டபத்துக்குள் நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி, "என் கண்ணாடி எங்கே?" என்பதுதான். நிறுவனத்தின் பதில்: "வரும்போதே அப்படித்தான் இருந்தது, அம்மா."

அந்தப் பொய்யை உடைத்தது ஓவியரே எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள். கொடுப்பதற்கு முன் முன்புறம், பின்புறம், நான்கு மூலைகள் என்று தேதி தெரியும்படி எடுத்து எங்களுக்கும் அனுப்பியிருந்தார். நிறுவனம் தன் பங்குக்கு ஒரு நிலை அறிக்கைகூடத் தயாரிக்கவில்லை. முறையாக வேலை செய்பவர்கள் ஓவியத்தை வாங்கும்போதும் திருப்பித் தரும்போதும் அதன் நிலையை எழுதி இருதரப்பும் ஒப்பமிடச் செய்வார்கள்.

மாட்டிய விதம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 முதல் 152 சென்டிமீட்டர் உயரத்தில் வருவதுதான் கூடங்களில் பொதுவான வழக்கம். இங்கே பாதி ஓவியங்களை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. பெரிய சட்டகங்களுக்கும் ஒற்றைக் கொக்கிதான். இரண்டு கொக்கி போட்டிருந்தால் யாராவது உரசிப் போகும்போதெல்லாம் சாய்ந்திருக்காது. தடுப்புகளின் அடியில் எடை வைக்கவில்லை. நீர்வண்ண ஓவியத்துக்கு ஒரு முழம் தள்ளி ஹாலஜன் விளக்கு. தாளில் வரைந்தவற்றுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் என்ற மங்கலான வெளிச்சத்தையே அளவாக வைத்திருக்கின்றன. ஒரு மாலைக்கு அவ்வளவு கறார் வேண்டாம்தான், ஆனால் சூட்டைக் கக்கும் விளக்கை யாரும் அங்கே வைக்கமாட்டார்கள். ஏல எண்ணை அட்டையில் எழுதிப் பக்கத்தில் குத்துவதற்குப் பதிலாகச் சட்டகத்திலேயே ஒட்டினார்கள். உரித்தபோது பொன்பூச்சும் சேர்ந்து வந்தது.

கடைசி ஏலம் முடிந்து, எடுத்தவர்கள் பணம் கட்ட வரிசையில் நிற்கும்போதே தடுப்புகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். மண்டபத்தை இரவுக்குள் காலிசெய்ய வேண்டுமாம். ரசீதைப் பார்த்து ஓவியத்தை ஒப்படைக்கும் வேலை எங்களுடையது. அதற்கு வழியே விடாமல் எல்லாவற்றையும் முகத்தோடு முதுகு சேர்த்து அடுக்கி வண்டியில் ஏற்றினார்கள். விலைபோகாதவையும், பிறகு வாங்கிக்கொள்கிறோம் என்று வாங்கியவர்கள் விட்டுப்போனவையும் அவர்களுடைய கிடங்குக்குப் போய்விட்டன. மறுநாள் பில் வந்தது, பணத்தைத் தீர்த்தால்தான் ஓவியங்கள் என்ற வரியோடு.

அந்த பில்லைப் படிக்க வேண்டுமே! கூலி என்ற இடத்தில் சுழியம், பக்கத்தில் "நன்கொடை" என்ற குறிப்பு. தடுப்புகளுக்கு வாடகை, கிடங்கை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து திரும்பிச் சேர்ந்த நாள்வரை. கொக்கிகளுக்கும் திருகாணிகளுக்கும் புதிய விலை, ஆனால் அவற்றைக் கழற்றி எடுத்துப்போனதும் அவர்களே. இரவில் கழற்றியதற்கு "கூடுதல் நேரம்". இலவச உழைப்புக்குக் கூடுதல் நேரக் கூலி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இல்லை. உச்சம், "காப்பீடு" என்ற வரி. காப்பீட்டுப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். அது வண்டிக்கான காப்பீடு! ஓவியங்களுக்கு எடுப்பது வேறு: ஓவியரின் சுவரிலிருந்து இறக்கும் நொடியிலிருந்து, வாங்கியவர் கையிலோ மறுபடி ஓவியர் வீட்டிலோ சேரும்வரை பொறுப்பேற்பது.

ஆகவே யாராவது இலவச உழைப்பு என்று வந்தால், பொருட்செலவுக்கு உச்சவரம்பை எழுதி வாங்குங்கள். மாட்டப்போகிறவர்கள் யார், உள்குத்தகை உண்டா என்று கேளுங்கள். காப்பீட்டுப் பத்திரத்தில் ஓவியங்களின் பட்டியலும் மதிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். பணத் தகராறு எதுவானாலும் ஓவியங்களைப் பிடித்துவைக்கக்கூடாது என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேருங்கள். தயங்கினால் வேறு ஆளைத் தேடுங்கள். கழற்றும் நேரத்தையும் நீங்களே குறியுங்கள். மாட்டுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், கழற்றுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வழக்கறிஞர் கடிதத்துக்குப் பிறகு ஓவியங்கள் திரும்பி வந்தன. பாஸ்டல் ஓவியம், சேதமான ஓவியங்களைச் சீரமைக்கும் வல்லுநரிடம் இருக்கிறது. செலவை இப்போதைக்கு அறக்கட்டளைதான் ஏற்றிருக்கிறது. இதற்கிடையில் அந்த நிறுவனம் தன் விளம்பரத்தில் எங்கள் விழாப் படத்தைப் போட்டு "சேவை மனப்பான்மையுடன்" என்று எழுதியிருக்கிறது. படத்தின் நடுவில் நிற்பது அதே பாஸ்டல். ஓவியத்தை விற்றாலும் எழுதிக் கொடுக்காதவரை பதிப்புரிமை பொதுவாக ஓவியரிடமே இருக்கும். அந்த விளம்பரத்தை எடுக்கச் சொல்லி இப்போது அவரே தனியாகக் கடிதம் அனுப்பியிருக்கிறார்.