வீட்டில் கலக்கும் சன்ஸ்கிரீனா, கடை டியூபா?

கடலூர் வெள்ளிக் கடற்கரைக்குக் கிளம்பும்போதெல்லாம் தோழிகள் கேட்பது இதுதான்: தேங்காய் எண்ணெயில் ஜிங்க் ஆக்சைடு பொடியைக் கலந்து பூசினால் போதாதா?

செலவு: வீட்டுக் கலவை மலிவு. டியூப் விலை கூட, சீக்கிரமும் தீர்ந்துவிடும்.

பாதுகாப்பு: இங்கேதான் நிதானமாக யோசிக்கணும். ஜிங்க் ஆக்சைடு வெயிலில் உள்ள புற ஊதா ஏ, பி கதிர்கள் இரண்டையும் தடுக்கும் நல்ல பொருள். ஆனால் கரண்டியால் கலக்கினால் சீராகப் பரவாது. நான் கலந்ததைக் கண்ணாடித் தட்டில் தடவி வெளிச்சத்தில் பிடித்தேன்: அங்கங்கே வெள்ளைக் கட்டி, நடுவே வெறும் எண்ணெய். அந்த இடைவெளியில்தான் தோல் கருகும். டியூபில் எஸ்பிஎஃப் (வெயில் காப்பு அளவு) 30 என்றால் சோதித்துப் போட்டது. போதிய அளவு தடவினால் புற ஊதா பி கதிரில் சுமார் 97 சதவீதம் தடுக்கும்.

வைத்திருப்பது: நம்ம ஊர் வெயிலில் எண்ணெய் உருகி, பொடி அடியில் தங்கிவிடும். டியூபுக்கு அந்தத் தொல்லை குறைவு. எதுவானாலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவணும்.

விடிந்ததும் மாடியில் துணி காயப்போட வீட்டுக் கலவை சரி. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் பகலில் பிள்ளைகளோடு நடக்கணும் என்றால் டியூபும் குடையும்தான். அப்புறம், வீடு திரும்பி எரிகிற தோலில் தடவக் கற்றாழை ஒரு மடல் வையுங்கள்.